தடம் மாற்றும் கை

கப்பலுக்குச் சுக்கான் உண்டு. மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறு உண்டு. மோட்டார் வண்டியை ஓட்டுபவர் கையில் வட்டச் சக்கரம் உண்டு. இரயிலை ஓட்டுபவருக்கு மட்டும் இவற்றுள் எதுவும் இல்லை. அவர் விரைவைக் கூட்டலாம், குறைக்கலாம், வண்டியை நிறுத்தலாம். வலப்புறமோ இடப்புறமோ திரும்பும் உரிமை அவருக்கு இல்லை. அவர் எந்த ஊருக்குப் போய்ச் சேர்வார் என்பதை முடிவு செய்கிறவர் அந்த வண்டியில் ஏறுவதே இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தருகே வெயிலிலும் மழையிலும் நின்று, ஓர் இரும்பு நெம்புகோலை இழுத்துத் தடத்தை மாற்றிவிடும் தொழிலாளி அவர். ‘பாயிண்டுக்காரர்’ என்று எங்கள் குடியிருப்பில் சொல்வார்கள். என் தந்தையார் தம்பின் நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாயிண்டுக்காரராகப் பணியாற்றினார்.

நான் பாயிண்டுக்காரனாகவில்லை, தமிழாசிரியனானேன். பணி ஓய்வுக்குப் பின் லூபோக் சீனாவில் குடியிருக்கிறேன். நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய இச்சிற்றூருக்கு இரயில் வந்ததில்லை. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் இருப்புப் பாதை போடப்படும் வரையில், சுங்கை ஊஜோங் ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று. இங்கே ஆறுதான் பாதை, படகுதான் வண்டி. பிறகு இரப்பர் வந்தது. அதன் பின் செம்பனை வந்தது. இரயிலின் ஊதல் கேட்க வேண்டுமானால் புலாவ் செபாங் வரை போக வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் இரயில் நிலையம் உருவாகி வருகிறது. நானும் என் பதினொரு வயதுப் பேரனும் சேர்ந்து, போருக்கு முன்னிருந்த தம்பின் நிலையத்தை, என் தந்தையார் வாய்மொழியாகச் சொன்னவற்றைக் கொண்டு, மரப் பலகையின் மேல் சிறு உருவில் அமைத்து வருகிறோம். அதிலுள்ள ஆறு பாயிண்டுகளுக்கும் மின்விசைப் பொறிகளைப் பொருத்திக் கம்பி இணைத்த கதையே இக்கட்டுரை. தமிழ் படிப்பவர்களுக்கும் கம்பிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். இந்நாட்டில் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதி ஏட்டில் இல்லை. தண்டவாளத்தில் இருக்கிறது என்பதே என் விடை.

தைப்பிங்கிலிருந்து போர்ட்வெல்டுக்கு 1885இல் ஓடிய முதல் இரயில் தொடங்கி, மலாயாவின் இருப்புப் பாதைகளில் நம்மவரின் உழைப்பு கலந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சரளைக்கல் கொட்டினார்கள். சிலிப்பர் கட்டை சுமந்தார்கள். தண்டவாளத்துக்கு ஆணி அடித்தார்கள். 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. நீளம் இருபது மைலுக்குச் சற்று மேல். அந்தப் பாதையைப் பேணிய கூட்டத்தில் என் பாட்டனார் ஒருவர்.

இப்போது எங்கள் பலகைக்கு வருவோம். உண்மைப் பொருளை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது உலகெங்கும் மாதிரி இரயில் அமைப்போர் கையாளும் அளவுகளுள் ஒன்று. மலாயா இரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அந்த அளவில் அது ஏறத்தாழ 12 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். தம்பின் - மலாக்கா கிளைப் பாதை முழுவதையும் அதே அளவில் அமைத்தாலும் ஏறத்தாழ 390 மீட்டர் நீளம் வேண்டும். எங்கள் வீட்டு மனையில் அதற்கு இடமில்லை. ஆகவே நிலையத்தையும், கிளைப் பாதை பிரியும் இடத்தையும், அதிலிருந்து 120 சென்டிமீட்டர் தொலைவையும் மட்டும் அமைத்தோம். பலகை முடியும் இடத்தில் மலாக்காவுக்குப் போகும் தண்டவாளமும் முடிந்துவிடுகிறது.

பாயிண்டு என்பது மிக எளிய கருவி. பிரியும் இடத்தில் இரண்டு தண்டவாளத் துண்டுகள் கத்தி முனைபோல் சீவப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும். சட்டத்தை ஒரு பக்கம் நகர்த்தினால் ஒரு கூர்முனை தன் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும்; மற்றொன்று விலகிக்கொள்ளும். சக்கரத்தின் விளிம்பு ஒட்டிய முனையைத் தொடர்ந்து போகும். அவ்வளவுதான். ஆனால் ஒட்ட வேண்டிய முனை நூலளவு விலகி நின்றாலும் ஆபத்து. முன்சக்கரம் ஒரு வழியிலும் பின்சக்கரம் வேறொரு வழியிலும் போகப் பார்க்கும், வண்டி கவிழும். ‘பாதி நகர்ந்த பாயிண்டைவிட நகராத பாயிண்டே மேல்’ என்பார் என் தந்தையார். பாதி கற்றவனைப் பற்றி நம் பெரியோர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

சிறு உருவில் இந்தச் சட்டத்தை நகர்த்த இருவகைப் பொறிகள் வழக்கில் உள்ளன. முதல் வகையில் செப்புக் கம்பி சுற்றிய இரண்டு சுருள்கள் அடுத்தடுத்து இருக்கும். அவற்றின் நடுவே ஓர் இரும்புத் தண்டு செல்லும். ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகித் தண்டைத் தன்பால் இழுக்கும். மற்றொன்றில் பாய்ந்தால் தண்டு எதிர்ப்புறம் தாவும். இரண்டு சுருளுக்கும் தனித்தனியே ஒவ்வொரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கம்பி, ஆக மூன்று கம்பிகள். அழுத்துபொத்தானை ஒரு நொடிக்குள் அழுத்தி விட்டுவிட வேண்டும். சுருளில் பாயும் மின்னோட்டம் மிகுதி. விரல் தயங்கி நின்றால் சுருள் சூடேறிக் கருகிப் போகும்.

இதற்குக் காப்பாக ஒரு சிறு அமைப்பு உண்டு. மின்தேக்கி ஒன்றில் மின்சாரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்து, பொத்தானை அழுத்திய கணத்தில் அனைத்தையும் ஒருசேரச் சுருளுக்குள் பாய்ச்சுவது. தேக்கி வெறுமையான பின் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் சிறு ஓட்டமே பாயும், சுருள் பிழைத்துக்கொள்ளும். அதுவுமன்றி, தாவலும் வலிவாக அமையும். அரிசிப் பானையில் பிடி அரிசி சேர்த்து வைத்துத் தீபாவளிக்குப் பலகாரம் செய்த தோட்டத்துத் தாய்மாரின் சிக்கனம் போன்றது இது என்று பேரனிடம் சொன்னேன். அவன் அந்த அமைப்புக்குப் ‘பிடி அரிசி’ என்றே பெயர் எழுதி ஒட்டிவிட்டான்.

இரண்டாம் வகைப் பொறி மெதுவானது. ஒரு சிறு மோட்டார், பல் சக்கரங்களின் துணையோடு, இரண்டு மூன்று நொடிகளில் கூர்முனையை நகர்த்தும். 12 வோல்ட் நேர் மின்னோட்டம் போதும்; கம்பிகள் இரண்டே. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் பொறியின் திசையும் மாறும். அதற்கென இரட்டைத் தொடுமுனைச் சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன. நகர்ந்து முடிந்த பின்னும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்பதில்லை. அது முனையைத் தண்டவாளத்தோடு அழுத்திப் பிடித்தபடியே நிற்கும். அந்த நிலையில் அது எடுத்துக்கொள்ளும் ஓட்டம் மிகச் சிறிதாதலால் கருகுவதில்லை. சரக்குப் பாதைகளின் நான்கு பாயிண்டுகளுக்குத் தாவும் பொறிகளையும், முதன்மைப் பாதையின் இரண்டு பாயிண்டுகளுக்கு மெதுவான பொறிகளையும் பொருத்தினோம். நெம்புகோலை இழுக்கும் மனிதனின் தோளும் இடுப்பும் அசையும் காலம் அந்த மெதுவான நகர்வில் தெரிகிறது. அதனாலேயே அதை விரும்பினேன்.

கம்பி இணைப்பில் மாணவர்கள் அறியத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. மாதிரி இரயில் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் பெறுகிறது. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. பாயிண்டின் நடுவே, ஒரு வழியின் வலத் தண்டவாளமும் மற்றொரு வழியின் இடத் தண்டவாளமும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பெயர். குதிரைக் குளம்பின் அடியில் அப்பெயர் பெற்ற பகுதியின் வடிவை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்பார்கள். இந்தத் தவளை ஒரு வழிக்கு நேர்முனையாகவும் மற்றொரு வழிக்கு எதிர்முனையாகவும் இருந்தாக வேண்டும். ஒரே இரும்புத் துண்டு ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்க முடியாது. ஆகவே கூர்முனை நகரும் அதே வேளையில் தவளைக்குரிய மின்முனையும் மாற வேண்டும். பொறியோடு இணைந்த தொடுமுனைகள் அந்த வேலையைச் செய்கின்றன. அவை இல்லாவிட்டால் வண்டி அங்கே வந்ததும் மின்சுற்று முறிந்து எல்லாம் நின்றுபோகும். இரு பாதைகளுக்கும் பொதுவாக நிற்பவர்களுடைய பொறுப்பு மற்றவர்களுடையதைவிடப் பெரிது என்பதற்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை.

அடுத்தது கைகாட்டி. தமிழில் எவ்வளவு அழகாக அமைந்த சொல்! ஆசிரியர்களைப் பாராட்டுகிறவர்களும் குறை சொல்கிறவர்களும் எங்களைக் கைகாட்டி மரத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். அது ஊருக்கு வழி காட்டும். தான் நின்ற இடத்தில் நிற்கும். இரயில் பாதையின் கைகாட்டியோ அவ்வளவு எளிதில் வழி காட்டிவிடாது. ஜான் சாக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் 1856இல் காப்புரிமை பெற்ற ஓர் அமைப்பில் பாயிண்டையும் கைகாட்டியையும் ஒன்றோடொன்று பிணைத்தார். பின் வந்தவர்கள் அந்தப் பிணைப்பை வளர்த்து, பாயிண்டு சரியான நிலையில் பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டி இறங்க முடியாதபடி செய்தார்கள். நெம்புகோலை இழுத்தாயிற்று என்பது போதாது. கூர்முனை உண்மையிலேயே தண்டவாளத்தைத் தொட்டதா என்று பார்த்த பிறகே ‘வரலாம்’ என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பலகையிலும் அவ்வாறே செய்ய விரும்பினேன். பச்சை விளக்குக்குப் போகும் கம்பியைச் சுவிட்சிலிருந்து எடுப்பது எளிது. ஆனால் அது கட்டளையைக் காட்டும், செயலைக் காட்டாது. பொறியின் தொடுமுனையிலிருந்து எடுத்தால் பொறி நகர்ந்ததைக் காட்டும். இடையிலுள்ள இணைப்புக் கம்பி அறுந்திருந்தால் அப்போதும் கூர்முனை நகர்ந்திராது. எனவே கூர்முனையின் நுனி வந்து தொடும் இடத்திலேயே மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வைத்து, அந்தத் தொடுதலின் வழியாகவே விளக்குக்கு மின்சாரம் போகச் செய்தோம். இப்போது பச்சை விளக்கு எரிந்தால் முனை ஒட்டியிருக்கிறது என்று பொருள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இந்தத் தகடு பெரிய பாடமாகத் தோன்றியது. நாம் சொல்லிக்கொடுத்தோம் என்பது சுவிட்சு. மாணவன் மனத்தில் அது போய்த் தொட்டதா என்பதே விளக்கு.

ஐந்து பாயிண்டுகளுக்கும் கம்பி இணைத்து முடித்தோம். ஆறாவது, மலாக்காவுக்குப் பிரியும் பாயிண்டு. பேரன் பலகைக்கு அடியில் படுத்திருந்தவன் தலையை வெளியே நீட்டி, “தாத்தா, இந்தப் பாதை பலகையோடு முடிந்துவிடுகிறது. வண்டி எங்கேயும் போகப் போவதில்லை. பிறகு எதற்கு மோட்டார்? கூர்முனையை நேர் வழிக்கு ஒட்டவைத்து ஆணி அடித்துவிடலாமே?” என்று கேட்டான்.

அறிவுள்ள கேள்வி. ஒரு பொறியின் விலையும் மிச்சமாகும். ஆயினும் என் கை ஆணியை எடுக்கவில்லை. அவனை வெளியே வரச் சொல்லி, உட்கார வைத்து, என் தந்தையார் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன்.

சப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஓர் இரயில் பாதை அமைத்தார்கள். 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அதுவும் ஒரு மீட்டர் அகலப் பாதையே. ஆகையால் மலாயாவின் தண்டவாளங்கள் அதற்கு அப்படியே பொருந்தின. தம்பின் - மலாக்கா கிளைப் பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது இதற்காகவே. பெயர்த்தவர்கள் வேற்றாட்கள் அல்லர். அந்தப் பாதையைப் பேணிய அதே கூட்டத்தார். என் பாட்டனார் தாம் அடித்த ஆணிகளைத் தாமே கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கினார். துப்பாக்கி பிடித்தவர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

தண்டவாளம் போன பின் ஆட்களும் போனார்கள். தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் இளைஞர்களைத் திரட்டினார்கள். என் தந்தையாரின் அண்ணன், எனக்குப் பெரியப்பா ஆக வேண்டியவர், அப்போது இருபது வயது நிரம்பியவர். அவரையும் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் உழைக்கக் கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன. தமிழர் தொகை அவர்களுள் மிகுதி. நம் எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலாக அதை எழுதியிருக்கிறார். பெரியப்பா திரும்பவில்லை. கடிதம் வரவில்லை, கல்லறையும் இல்லை. பாட்டனார் பிடுங்கிக் கொடுத்த தண்டவாளமும் அவர் பெற்ற பிள்ளையும் ஒரே திசையில் போயின. மகன் தோளில் சுமந்த இரும்பு அப்பன் பிடுங்கியதாகவும் இருந்திருக்கலாம் என்று சொல்லும்போது மட்டும் என் தந்தையாரின் குரல் தாழ்ந்துவிடும்.

போர் முடிந்தது. கிளைப் பாதை மறுபடி போடப்படவில்லை. மலாக்கா நகருக்கு இன்றும் இரயில் இல்லை. தந்தையார் 1946இல் தம்பினில் பணியில் சேர்ந்தபோது, மலாக்காப் பாதை பிரிந்த இடத்தில் பாயிண்டு இல்லை. வடக்கு தெற்காக நேர்த் தண்டவாளமே இருந்தது. பணிக் காலம் முழுவதும் அவர் கோலாலம்பூருக்கும் கிம்மாசுக்கும் போகும் வண்டிகளுக்கு வழி விட்டார். மலாக்காவுக்கு ஒரு வண்டிக்கும் வழி விடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் நின்ற இடத்தில் இப்போது மனிதர் நிற்பதில்லை. சிரம்பானுக்கும் கிம்மாசுக்கும் இடையே மின்மயமாக்கப்பட்ட இரட்டைப் பாதை 2013இல் நிறைவடைந்தது. புதிய நிலையத்துக்குப் புலாவ் செபாங் - தம்பின் என்று பெயர். மின்விசைப் பொறிகளே அங்கும் பாயிண்டுகளை நகர்த்துகின்றன; கூர்முனை ஒட்டியதை உறுதிசெய்த பிறகே விளக்கு எரிகிறது. எங்கள் பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் கைப்பிடி அளவுப் பொறிகள் அவற்றின் தம்பிமார். தோள் வலியும் மழைக்குளிரும் இல்லாத வேலை மனிதனுக்கு நல்லதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பொறிக்கு நினைவு இல்லை. அது எந்த ஊருக்குப் பாதை இருந்தது என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கதையைக் கேட்ட பேரன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கணக்குப் போட்டான். 415 கிலோமீட்டரை 87ஆல் வகுத்தான். “நம் அளவில்கூட ஏறத்தாழ நாலே முக்கால் கிலோமீட்டர் வருகிறது தாத்தா” என்றான். எவ்வளவு சுருக்கினாலும் சில தொலைவுகள் சிறியவை ஆவதில்லை என்று அவனுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் அவனே ஆறாவது பொறியைப் பொருத்தினான். இரண்டு கம்பிகளைச் சுவிட்சுக்கு இழுத்தான்; சுவிட்சின் மேல் ‘மலாக்கா’ என்று தமிழில் எழுதி ஒட்டினான். சுவிட்சைத் தள்ளினால் கூர்முனை மெல்ல நகர்ந்து கிளைப் பாதைக்கு வழி விடுகிறது. ஆனால் கைகாட்டி விளக்கு பச்சையாகவில்லை. என்ன காரணம் என்று பலகைக்கு அடியில் பார்த்தேன். விளக்குக்குப் போகும் கம்பியை அவன் கூர்முனைத் தகட்டோடு நிறுத்தாமல், பலகையின் ஓரம் வரை கொண்டுபோய், அங்கே இரண்டு பித்தளைச் செருகுமுனைகளில் முடித்திருந்தான். அடுத்த பலகை ஒன்று வந்து அவற்றோடு பொருந்தினால்தான் சுற்று முழுமையாகும், விளக்கு பச்சையாகும்.

“அடுத்த பலகையை யார் செய்வார்கள்?” என்று கேட்டேன்.

“யாராவது செய்வார்கள் தாத்தா. ஒரு பலகை 120 சென்டிமீட்டர். மலாக்கா வரை போக 325 பலகை போதும். ஒரு பள்ளிக்கு ஒன்று என்று கொடுத்தால்?” என்றான்.

மெய்யாகவே இந்தப் பொழுதுபோக்கில் பல நாட்டாரும் அப்படிச் செய்கிறார்கள். ஓரத்தின் அகலத்தையும், தண்டவாளம் முடியும் இடத்தையும், கம்பிகளின் வரிசையையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அவரவர் வீட்டில் ஒரு பலகையைச் செய்து வந்து, ஓரிடத்தில் கூடி இணைத்து ஓட்டுகிறார்கள். எங்கள் ஓரத்தின் அளவுகளை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறோம். எந்தக் கம்பி எதற்கு என்பது தமிழிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நேர்முனை, எதிர்முனை, பொது, விளக்கு, தவளை ஆகிய ஐந்து சொற்கள் போதுமானவையாக இருந்தன.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊருக்கும் பெயர்த்தெடுக்கப்பட்ட பாதை ஒன்று இருக்கும். அது தண்டவாளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூடப்பட்ட தோட்டப் பள்ளியாக இருக்கலாம். இடிக்கப்பட்ட வரிசை வீடுகளாக இருக்கலாம். பெயர் மாறிய ஒரு தெருவாக இருக்கலாம். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு முதியவர்களுள் ஒருவருக்காவது அந்தப் பாதை எங்கே பிரிந்தது என்று தெரியும். ஆணி அடித்து மூடுவதற்கு முன் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பலகைக்கு மரம் வாங்கியாயிற்று. அதில் பாயிண்டு கிடையாது, நேர்ப் பாதைதான், கம்பி வேலையும் குறைவு. பேரன் அதன் ஓரத்தில் செருகுமுனைகளுக்கு மட்டும் துளையிட்டு வைத்திருக்கிறான், இரண்டு பக்கமும்.